பேச்சு வரும், எழுத்து வராது

கேள்வி:

எனக்கு வயது 24. எஹலியகொடவுக்குப் பக்கத்தில் ஒரு இறப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தேன். அம்மாவும் அப்பாவும் பால் வெட்டுகிறவர்கள். தமிழ் மொழியில் உயர்தரம் வரை படித்துவிட்டு இப்போது டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன்.

சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்றுதான் நினைத்திருந்தேன். லயத்துக்குக் கீழே இருக்கிற கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடி வந்த பேச்சு அது. வேலைக்கு வந்த பிறகுதான் குறை தெரிகிறது. மருந்து உறையில் "உதே, தவல், ரே" (காலை, பகல், இரவு) என்று எழுதித் தரவேண்டும். எனக்கு எழுத வராது. கூட வேலை செய்கிற சிங்கள அக்காதான் ஒவ்வொரு முறையும் எழுதித் தருகிறார். போன மாதம் ஒரு வயதான அம்மாவை "மெஹாட்ட வரென்" என்று கூப்பிட்டேன். அவர் முகம் வாடிப்போய், ஒன்றும் பேசாமல் மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். முதலாளி தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தார். நான் என்ன பிழையாகச் சொன்னேன் என்று அப்போது எனக்கு விளங்கவே இல்லை.

முறையாகப் படிக்கலாம் என்று பார்த்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இரத்தினபுரியில் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடக்கிறது. என் சிநேகிதி, அவள் சிங்களப் பிள்ளை, "வகுப்புக்குக் காசைக் கொட்டாதே, என்னோடு வெசாக், பெரஹர, நாடகம் என்று வா, தானாக வரும்" என்கிறாள். இன்னொருத்தி, எம்பிலிப்பிட்டியவில் தன் பெரியம்மா வீட்டில் ஒரு மாதம் வந்து தங்கச் சொல்கிறாள். நான் எதைச் செய்வது? அரச வேலைக்கு விண்ணப்பிக்கவும் ஆசை இருக்கிறது. அப்பாவோ, "பேசத் தெரிஞ்சது போதும், எழுதப் படிக்கப் போனா நம்ம பாஷை போயிரும்" என்கிறார். 24 வயதுக்குப் பிறகு ஒரு புது எழுத்து பிடிபடுமா, டீச்சர்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, எஹலியகொட

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

வகுப்பையும் பயணத்தையும் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் அந்த "வரென்" என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன்.

நீங்கள் பிழையான சொல் எதுவும் சொல்லவில்லை. "வரென்" நல்ல சிங்களம்தான், "வா" என்று பொருள். ஆனால் நெருங்கிய கூட்டாளிகள் தங்களுக்குள் சொல்லும் "வா" அது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை அதட்டிக் கூப்பிடும் "வா" அது. நாம் "வாங்க" என்று சொல்லும் இடத்தில் சிங்களத்தில் "என்ன" என்று சொல்ல வேண்டும். (நமக்கு "என்ன" கேள்வி, அவர்களுக்கு அழைப்பு. முதல் சில வாரம் இது நாக்கைக் குழப்பும், பரவாயில்லை.) "பலயன்" என்றால் போ, "யன்ன" என்றால் போங்க. "தீபன்" என்றால் தா, "தென்ன" என்றால் தாங்க.

இந்தத் தாழ்ந்த வடிவங்கள் உங்கள் காதில் எப்படி விழுந்தன என்று யோசித்துப் பாருங்கள். விளையாட்டுத் தோழர்களிடமிருந்து பாதி வந்திருக்கும். மற்றப் பாதி காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலிருந்தும் பால் நிறுக்கும் இடத்திலிருந்தும் வந்தது. நம் அப்பாக்களையும் அம்மாக்களையும் எப்படிக் கூப்பிட்டார்களோ, அந்தக் கூப்பாட்டையே நாம் மொழி என்று எடுத்துக்கொண்டோம். பரம்பரை பரம்பரையாக நம்மிடம் பேசப்பட்ட சிங்களம் அது. மரியாதைச் சொற்களை நமக்கு யார் சொன்னார்கள், நாம் அவற்றைத் திருப்பிச் சொல்ல? அந்த அம்மாவின் முகம் வாடியதற்கு நீங்கள் வருந்துவது சரி, குற்றவாளி போலக் குறுக வேண்டாம். அவர் மறுபடி கடைக்கு வந்தால் "அம்மே, என்ன" என்று சொல்லுங்கள். அது போதும்.

இதோடு சேர்த்து ஒன்று. "நீ, நீங்கள்" என்பதற்குச் சிங்களத்தில் பல படிகள் உண்டு. "உம்ப" என்பதைக் கடையில் மறந்துவிடுங்கள். "ஒயா" சம வயதுக்காரரிடம் சரி. மூத்தவரிடம் "நீங்கள்" என்ற சொல்லே இல்லாமல் உறவு முறை வைத்துப் பேசுவதுதான் அவர்கள் பண்பு. நாமும் அப்படித்தானே, "அம்மா எங்க போறீங்க" என்கிறோம்? ஆனால் முறைச் சொற்களில் வழுக்கும் இடங்கள் இருக்கின்றன. அக்கா, அம்மா, மாமா எல்லாம் நமக்கும் அவர்களுக்கும் பொது. "தாத்தா" அப்படியில்லை. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. நம் தாத்தாவை அவர்கள் "சீயா" என்பார்கள். "ஐயா" என்று நாம் பெரியவரை வணங்கி அழைப்போம். அவர்களுக்கு "அய்யா" அண்ணன். "மல்லி" அவர்களுக்குத் தம்பி; மருந்துக்கு வாங்கும் மல்லியை "கொத்தமல்லி" என்று முழுதாகச் சொன்னால்தான் விளங்கும். எழுபது வயதுக்காரரைப் பார்த்து நீங்கள் மரியாதையாக "ஐயா" என்றால், அண்ணன் என்று கூப்பிடுகிறாளே என்று அவர் திகைப்பார்.

இனி எழுத்து. எனக்கு இது சொந்தக் காயம், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

நான் யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். எனக்கு 17 வயதாக இருக்கும்போது அப்பாவுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் சிங்களம் பேசுவோம், ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரோட்டோரக் கடைக்குப் போனார், நானும் கூடப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். உதவி செய்கிற எண்ணத்தில்தான் வாங்கினார். பத்துப் பேர் நின்ற கடையில் உரத்த குரலில் வாசித்தார். அப்பா வாங்கிய கடன், கட்டாமல் விட்ட தவணை, அடுத்து என்ன செய்வார்கள் என்ற எச்சரிக்கை, எல்லாம் கடை முழுக்கக் கேட்டது. அப்பா கடிதத்தைத் திரும்ப வாங்கும்போது கை நடுங்கியது. வீடு வரும்வரை அவர் பேசவில்லை. அடுத்த வாரமே நான் சிங்கள அரிச்சுவடி வாங்கினேன்.

ஆகவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வகுப்புக்குப் போங்கள். அதுவும் எழுத்துக்காகவே போங்கள். உங்களுக்குக் குறைவது பேச்சு அல்ல. சிநேகிதிகள் இரண்டு பேரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் உங்களிடம் ஏற்கனவே இருப்பதையே அவர்கள் இன்னும் கொஞ்சம் தருகிறார்கள்.

நீங்கள் இதுவரை சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதி வைத்திருப்பீர்கள். நம்மவர்கள் எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம். அது எங்கே இடறும் என்பதற்கு உங்கள் ஊர்ப் பெயரே சாட்சி. எஹலியகொட என்று நாம் எழுதுகிறோம். சிங்களத்தில் அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்திலும் வரும் உயிர் "எ"யும் இல்லை, "அ"வும் இல்லை. ஆங்கிலம் தெரிந்தவர்கள் "பேங்க்" என்று சொல்லும்போது வாய் பக்கவாட்டில் அகலுமே, அந்த ஒலி. அதற்குத் தமிழில் எழுத்துக் கிடையாது. இரவைக் குறிக்கும் "ரே"யிலும் அதே உயிர்தான், கொஞ்சம் நீண்டு ஒலிக்கும். கடைசியில் வரும் "கொட" மேட்டு நிலம். அதில் வரும் "க" தங்கம் என்ற சொல்லில் வரும் க, கல் என்ற சொல்லில் வரும் க அல்ல.

இந்த வேறுபாடு உங்கள் வாயில் உண்டு, நம் எழுத்தில் இல்லை. அதனால் கொப்பியில் "கஹ" என்று எழுதினால் அது மரமா மஞ்சளா என்று நாளைக்கு உங்களுக்கே தெரியாது. தங்கத்தின் க போட்டால் மரம், கல்லின் க போட்டால் மஞ்சள். "பார" என்று எழுதினால் வீதியா பொறுப்பா? "கந்த" என்று எழுதினால் மலையா மரத்தின் தண்டா? மலையைச் சொல்லும்போது ந் முழுதாக நின்று ஒலிக்கும். தண்டைச் சொல்லும்போது பட்டும் படாமலும் ஓடிவிடும். சிங்களத்தில் இவற்றுக்கெல்லாம் தனித்தனி எழுத்து இருக்கிறது. நீங்கள் கற்கப்போவது புது வடிவங்களை மட்டுமல்ல, உங்கள் காது இத்தனை நாள் கேட்டும் பிரித்து வைக்காத ஒலிகளையும்தான்.

24 வயதில் வருமா என்று கேட்டீர்கள். இன்றைய சிங்கள அரிச்சுவடியில் 60 எழுத்துகள். 247 எழுத்தைச் சிறுமியாக இருக்கும்போதே கற்றவருக்கு 60 ஒரு கணக்கா? அதிலும் உயிர்க்குறிகள் நம் முறைப்படியே வரும். தமிழில் "கெ" எழுதும்போது கொம்பை முன்னால் போடுகிறோம். சிங்களத்திலும் அந்தக் குறி மெய்க்கு முன்னால்தான், அதன் பெயரும் "கொம்புவ". "கொ" எழுத முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று நாம் செய்வதையே அவர்களும் செய்கிறார்கள். ஆங்கிலேயர் ஒருவருக்கு இதை விளக்க நான் அரை மணி நேரம் போராடியிருக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள்.

சொற்றொடரும் அப்படியே. "கெதரட்ட யனவா" என்றால் வீட்டுக்குப் போவது. வீட்டுக்கு என்பதில் வரும் "கு"வின் இடத்தில் "ட்ட". "மட்ட படகினியி" என்றால் எனக்குப் பசி; சொல்லுக்குச் சொல் பார்த்தால் "எனக்கு வயிற்றுத் தீ". எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை இரண்டுக்கும் ஒன்று. அமெரிக்க வெளியுறவுச் சேவை நிறுவகம் ஆங்கிலம் பேசுகிறவர் ஒருவர் சிங்களம் கற்க ஏறத்தாழ 1100 வகுப்பு மணி வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறது. தமிழுக்கும் அதே கணக்கு. அந்த 1100 மணியில் ஒரு பகுதி, வினைச்சொல்லைக் கடைசியில் போடப் பழகுவதற்கும் "எனக்குப் பசி" என்ற அமைப்பை ஏற்றுக்கொள்வதற்கும் போகிறது. அதை நீங்கள் தாய்ப்பாலோடு குடித்துவிட்டீர்கள்.

இந்த நெருக்கம் நேற்று வந்ததல்ல. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த சிங்கள இலக்கண நூல் "சிதத் சங்கராவ"வுக்கு, புத்தமித்திரர் 11ஆம் நூற்றாண்டில் தமிழில் எழுதிய வீரசோழியம் முன்மாதிரியாக இருந்தது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டின் பெரும் சிங்களப் புலவர் தொட்டகமுவே சிறி ராகுல தேரருக்கு ஆறு மொழிகளின் தலைவர் என்று பட்டம். அவற்றில் தமிழும் ஒன்று. சாதாரண சொற்களைப் பாருங்கள். கடே, குலிய, பாலம, கம்பிய, செரெப்பு, முதலாலி, காணி உறுதிக்குச் சொல்லும் ஒப்புவ. கடை, கூலி, பாலம், கம்பி, செருப்பு, முதலாளி, ஒப்பு. நீங்கள் அந்நிய வீட்டுக்குள் நுழையவில்லை.

ஆனால் வகுப்பில் சேருமுன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். முதலாவது, கற்பிப்பவருக்குத் தமிழ் தெரியுமா? ஆங்கில எழுத்தில் சிங்களத்தை எழுதிக் கொடுக்கும் வகுப்புகள் இருக்கின்றன. அவை வெளிநாட்டவருக்கானவை, உங்களுக்குத் தேவையில்லை. இரண்டாவது, எழுத்துச் சிங்களம் கற்பிப்பார்களா? இதை அழுத்திக் கேளுங்கள். பேச்சுச் சிங்களமும் எழுத்துச் சிங்களமும் வேறு. பேச்சில் நான் போகிறேன் "மம யனவா", நாங்கள் போகிறோம் "அபி யனவா", அவர் போகிறார் என்றாலும் "யனவா"தான். எழுத்தில் "மம யமி", "அபி யமு" என்று வினை மாறும். கடிதத்தில் ஒருவர் "தன்வா சிட்டிமி" என்று எழுதியிருந்தால் "அறியத் தருகிறேன்" என்று பொருள். அப்படி யாரும் வாயால் பேசுவதில்லை. ஒருவர் பேச்சுச் சிங்களத்தை வைத்துக்கொண்டு அலுவலகக் கடிதத்தைப் பார்த்தால், பேச்சுத் தமிழ் மட்டும் தெரிந்தவர் கல்வெட்டைப் பார்த்த மாதிரி இருக்கும். நம்மவர்கள் பலர் எழுத்தைக் கற்றும் இங்கேதான் சோர்ந்து விடுகிறார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கிறோம், பொருள் வரவில்லையே, நமக்கு மூளை இல்லை போலும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

படிவங்களில் தொடங்குங்கள். நம (பெயர்), லிபினய (முகவரி), உபன் தினய (பிறந்த திகதி), அங்கய (இலக்கம்), அத்சன (கையொப்பம்). இந்த ஐந்தும் சிங்கள எழுத்தில் கண்ணுக்குப் பழகிவிட்டால் பிரதேச செயலகத்தில் எந்தப் படிவம் தந்தாலும் உங்கள் கை தயங்காது. பார்மசிக்கு உதே, தவல், ரே. பிறகு "கேமட்ட கலின்" சாப்பாட்டுக்கு முன், "கேமட்ட பஸ்ஸே" சாப்பாட்டுக்குப் பின். இவற்றை முதல் வாரமே எழுதிப் பழகி, அந்த அக்காவிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். மருந்து விஷயம், அவர் சரி என்று சொல்லும் வரை நீங்களாக எழுதிக் கொடுக்க வேண்டாம்.

காசு கொடுக்கத் தேவையில்லாத பாடநூல்களும் இருக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு "இரண்டாம் மொழி சிங்களம்" நூல்களை வெளியிடுகிறது, இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. 6ஆம் தர நூலில் தொடங்குங்கள், வெட்கப்பட எதுவும் இல்லை. இன்னொரு பாடநூல் உங்கள் பேர்ஸில் இருக்கிறது. நம் ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். இலங்கை மத்திய வங்கி என்று தமிழில் இருக்கிறது, "சிறி லங்கா மஹ பெங்குவ" என்று சிங்களத்தில் இருக்கிறது. அந்த "பெங்குவ"வில் உங்கள் ஊர்ப் பெயரின் முதல் உயிர் இருக்கிறது, தேடிக் கண்டுபிடியுங்கள். வீதிப் பலகை, தபாலகப் பலகை எல்லாம் மூன்று மொழியில் நிற்கின்றன. 122ஆம் இலக்க பஸ்ஸில் அவிசாவளைக்குப் போகும் நேரம் முழுதும் பாடம்தான். முதலில் சிங்கள வரியை வாசியுங்கள், பிறகு தமிழைப் பார்த்துச் சரிபாருங்கள். மாற்றிச் செய்தால் பயனில்லை.

உங்கள் சிநேகிதியின் யோசனைக்கு வருகிறேன். வகுப்புக்குப் பதிலாக வேண்டாம், வகுப்போடு சேர்த்து அவளோடு போங்கள். போயா நாளில் விகாரையில் நடக்கும் "பண" என்னும் பௌத்த உபதேசம் நிதானமாக, தெளிவாக, எழுத்துச் சிங்களத்துக்கு நெருக்கமான நடையில் இருக்கும். காதுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. சித்திரையில் புதுவருடம் நமக்கும் அவர்களுக்கும் ஒரே நாள்தான். அவுருது விளையாட்டுப் போட்டியில் ஒலிபெருக்கிக்காரர் ஒரே விதியைப் பத்துத் தடவை சொல்வார், கண்ணைக் கட்டிப் பானை உடைப்பவருக்கு வழி சொல்லிக் கூட்டம் கத்தும். வலம், இடம், முன்னே, பின்னே எல்லாம் ஒரே மாலையில் மனதில் பதிந்துவிடும். இரத்தினபுரி மகா சமன் தேவாலயப் பெரஹர உங்களுக்குத் தூரமில்லை. நாடகம் பார்ப்பதானால் எதிரிவீர சரச்சந்திரவின் "மனமே" எங்காவது மேடையேறும்போது தவறவிடாதீர்கள். அவர் எடுத்தாண்ட "நாடகம" என்ற ஆட்ட வடிவம் தமிழ்க் கூத்து மரபிலிருந்து சிங்களத்துக்குப் போனது என்பார்கள். "மனமே" முதன்முதல் மேடையேறியது 1956இல். சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற சட்டம் வந்த அதே ஆண்டு. அந்த இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

சிநேகிதியிடம் நீங்கள் ஒன்று கேளுங்கள்: அவளும் உங்கள் திருவிழாவுக்கு வர வேண்டும். மாரியம்மன் திருவிழாவுக்கோ மாசியில் காமன் கூத்துக்கோ அவளைக் கூட்டி வாருங்கள். ரதி யார், மன்மதன் ஏன் எரிந்தான், ஊரே ஏன் அழுகிறது என்று அவளுக்குச் சிங்களத்தில் சொல்லிப் பாருங்கள். அடுத்தவர் விழாவில் நாம் தலையாட்டிக்கொண்டே இருந்துவிடலாம். நம் விழாவைச் சொல்லத் தொடங்கும்போதுதான் எந்தச் சொல் இல்லை என்று தெரியும். நான் கற்பித்த பிள்ளைகளில் வேகமாக முன்னேறியவர்கள் தங்கள் வீட்டுக் கதையைச் சிங்களத்தில் சொல்ல ஆசைப்பட்டவர்கள்தான்.

எம்பிலிப்பிட்டியவில் ஒரு மாதம் இப்போது வேண்டாம். வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும், போனாலும் அங்கே நடக்கப்போவது பேச்சு. எழுத்துப் பழகிய பிறகு இரண்டு மூன்று நாள் போய் வாருங்கள், அப்போது அந்தப் பெரியம்மாவிடம் பத்திரிகை வாசித்துக் காட்டலாம். அதற்கு முன் பக்கத்துப் பயணம் ஒன்று சொல்கிறேன். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரை சிவனொளிபாத மலைப் பருவம். உங்கள் ஊருக்கு அடுத்த குருவிட்டவிலிருந்து எரத்ன வழியாக ஒரு பாதை போகிறது. ஏற்றம் கடுமை, கூட்டமாகப் போங்கள். வழியில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் பார்த்து "கருணாவய்" என்று சொல்லிக்கொள்வார்கள். தமிழரா சிங்களவரா என்று யாரும் விசாரிப்பதில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு எல்லோரும் எல்லோரிடமும் பேசுவார்கள். அந்த இரவில் பாட்டிமார்களிடம் கேட்கும் சிங்களத்தில் ஒரு "வரென்" இருக்காது. திரும்பும் வழியில் போபத் எல்ல அருவிக்கும் போங்கள். போ என்றால் அரச மரம், பத் என்றால் இலைகள், எல்ல என்றால் அருவி. அருவியைப் பார்த்ததும் ஏன் அரசிலை என்று பெயர் வைத்தார்கள் என்பது விளங்கும். ஊர்ப் பெயர்களை இப்படிப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்த மாவட்டம் முழுதும் உங்களுக்கு அகராதி.

அரச வேலை பற்றிச் சுருக்கமாக. 2007 ஜூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேர்பவர்கள் ஐந்து ஆண்டுக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று அந்த ஆண்டின் 07ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை சொன்னது. பிற்பாடு திருத்தங்களும் வந்தன. அரசகரும மொழிகள் திணைக்களம் நடத்தும் பரீட்சையில் எழுத்தும் உண்டு, வாய்மொழியும் உண்டு. வாய்மொழியில் உங்களுக்குப் பயமில்லை. ராஜகிரியவில் உள்ள அந்தத் திணைக்களத்திடமும், அகலவத்தையில் உள்ள தேசிய மொழிக் கல்வி மற்றும் பயிற்சி நிறுவகத்திடமும் பாடநெறிகள் எப்போது தொடங்குகின்றன என்று விசாரியுங்கள். தமிழில் கடிதம் எழுதியே விசாரியுங்கள்.

ஏன் தமிழில் என்று சொன்னேன்? இங்கேதான் உங்கள் அப்பாவுக்கான பதிலும் இருக்கிறது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தத்தின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள நம் சப்ரகமுவவிலும் நீங்கள் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளலாம், தமிழில் பதில் பெற உரிமை உண்டு. நடைமுறையில் அது எவ்வளவு கிடைக்கிறது என்று நமக்குத் தெரியும், என் அப்பாவின் கடிதமே கதை சொல்லும். ஆனால் நீங்கள் சிங்களம் கற்பதால் அந்த உரிமை ஒரு நூலளவும் குறையாது. சிங்களம் தெரிந்துகொண்டே தமிழில் படிவம் கேட்பவரை யாரும் அலைக்கழிக்க முடியாது.

அப்பா சொல்வதைத் தட்டிக் கழிக்காதீர்கள். 1977இலும் 1981இலும் 1983இலும் நடந்த தமிழருக்கு எதிரான வன்செயல்களின்போது இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் என்ன நடந்தது என்று அவர் பார்த்திருப்பார், அல்லது பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருப்பார். வீட்டை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் எத்தனை. அந்த நாள்களில் பஸ்ஸில் தமிழ் வாயிலிருந்து வந்துவிடக்கூடாதே என்று சிங்களம் பேசியவர்கள் உண்டு. அந்தத் தலைமுறைக்குச் சிங்களம் ஒளிந்துகொள்ளும் இடமாக இருந்தது. ஒளிவதற்காகக் கற்ற மொழி சொந்த மொழியைத் தின்னும் என்று அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் ஒளிவதற்காகக் கற்கவில்லை என்பதை அவருக்குக் காட்டுங்கள். நாளுக்கு ஒரு பக்கமாவது தமிழ் வாசியுங்கள், அவர் காதுபட வாசியுங்கள். பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தியைச் சிங்களத்திலிருந்து தமிழாக்கி அவருக்குச் சொல்லுங்கள்.

பார்மசியில் இன்னொரு வேலையும் உங்களுக்குக் காத்திருக்கிறது. உங்கள் கடைக்குத் தோட்டத்து ஆட்களும் வருவார்கள் அல்லவா? அவர்கள் கையிலும் "உதே, தவல், ரே" என்று சிங்களத்தில் எழுதிய உறைதானே போகிறது? வாசிக்கத் தெரியாமல் மூன்று மாத்திரைகளையும் ஒரே நேரத்தில் விழுங்கியவர்களை நான் அறிவேன். முதலாளியிடம் அனுமதி கேட்டு, தமிழ் வாசிப்பவர்களுக்குக் காலை, பகல், இரவு என்று எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு எழுத்துச் சொல்லித் தரும் அந்த அக்காவுக்கு நீங்கள் இந்த மூன்று சொல்லையும் தமிழில் எழுதச் சொல்லிக் கொடுங்கள்; நீங்கள் லீவு எடுக்கும் நாளில் அவர் எழுதட்டும். வாசிக்கக் கற்ற பிறகு யாராவது பெரியவர் கடிதத்தோடு உங்களிடம் வந்தால், ஓரமாகக் கூட்டிப்போய், அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் வாசித்துக் காட்டுங்கள்.

பேச்சுத் தெரிந்தவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க மூன்று மாதம் போதும் என்பது என் அனுபவம். கடிதச் சிங்களம் கைவர இன்னும் ஒரு வருடம் போகலாம், அதற்கு அவசரப்பட வேண்டாம். மூன்று மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். உள்ளே கடிதம் தமிழில் இருக்கட்டும், உறையின் மேல் முகவரியைச் சிங்களத்தில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.